இருபத்துநாலு மணித்தியாலம்

விடிய எழும்பிப் போற முதலாவதை
நிலத்துக்கு விடுங்க.
அதுக்குப் பிறகு அடுத்த விடியல் வரைக்கும்
ஒரு சொட்டும் வெளியில போகப்படாது,
எல்லாம் இந்தக் கானுக்குள்ள.

மல்வத்தைச் செங்கல் வாடியில்
இதை முப்பத்தொரு தரம் சொன்னேன்.
முதல் நாள் நிலத்தைப் பார்த்து.
மூன்றாம் நாள் முகத்தைப் பார்த்து.

கல்லறுக்கிறவனுக்கு உள்ளுக்கும் கல்லு
என்று பகிடி விட்டவர் ஆதம்பாவா,
விலாவில் கை வைத்தபடி.
போன பெருநாளுக்கு முதல் இரவு
தேத்தண்ணி வடியில் விழுந்த தன் கல்லை
நெருப்புப்பெட்டிக்குள் வைத்திருந்தார்.
நெல்லுமணியை விடச் சின்னன்,
நெருஞ்சிக்காய் போல முள்ளு.
"இதுக்கா மகள் நான்
நிலத்தில உருண்டு கத்தின?"

நெருஞ்சி அவித்துக் குடித்துத்தான் விழுந்ததாம்.
அதற்கும் தாளில் ஒரு பெட்டி இருந்தது.
பார்த்துப்போட்டு எண்ட கல்லைத் திருப்பித் தரணும் என்றார்.
மாவாக அரைத்துத்தான் பார்ப்போம் என்று
சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கல்சியம் ஒட்சலேற்று, எண்பது வீதம்
என்று பிறகு ஒரு துண்டைக் கொடுத்தேன்.
நாலாக மடித்து
அதே நெருப்புப்பெட்டிக்குள் வைத்தார்.

வெயிலில் எத்தனை மணித்தியாலம்,
கிணறா குழாயா,
கருவாடு கிழமைக்கு எத்தனை நாள்,
கீரை, தேசிக்காய், வெற்றிலைச் சுண்ணாம்பு,
தகப்பனுக்கு இருந்ததா,
எல்லாம் கேட்டோம்.

கனகசுந்தரியின் கான்
தூக்கும்போதே பாரமில்லை.
ஐந்நூற்று நாற்பது மில்லிலீற்றர்,
கறுத்த சாயத் தேத்தண்ணி நிறம்.
சிந்திப்போட்டீங்களா?
இல்லகா.
ஒருக்கா மறந்து வெளியில?
இல்லகா.

தலையில் பன்னிரண்டு கல்.
இறக்கி வைக்காமலே கேட்டா:
"குடிச்சா எங்க போற?"

பின்னால் நின்ற பத்தையை
யானை வேலி போட வந்தவங்க
மட்டமாக வெட்டிப்போட்டாங்களாம்.
ஆம்பிளைகள் இருபத்தைந்து பேர்,
பொம்பிளைகள் ஆறு.
விடிய வீட்டில் ஒரு தேத்தண்ணி.
பிறகு வாய் நனைக்கிறதோடு சரி.
ஐந்தரைக்குத்தான் மறுகா தண்ணி.

வினாக்கொத்தில் பதினான்காவது:
ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை நீர் அருந்துகிறீர்கள்?
ஏன் அருந்துவதில்லை என்று எங்கேயும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
பத்தை.

டொக்டர் ஜெசீமா அந்தச் சொல்லில் நின்றார்.
மற்றப் பெண்களின் தாள்களை எடு என்றார்.
அறுநூற்றிருபது. நானூற்றெண்பது. ஐந்நூறு. ஐந்நூற்றுப் பத்து.
ஒருத்திக்கு மட்டும் ஆயிரத்து எழுநூறு,
அவளுடைய வீடு வாடிக்கு ஒட்டினாற்போல.
மின்விசிறி தாள்களைத்
தூக்கித் தூக்கிப் பார்த்தது.

ஆறு பேரை வைத்து ஒன்றையும் நிறுவ ஏலாது,
அதையும் அவர்தான் சொன்னார்.
புதுக் கேள்விக்கு நெறிமுறைக் குழுவிடம் கடிதம்,
நாற்பத்தைந்து நாள்.
அதற்குள் மாரி வந்துவிடும்,
மாரியில் வாடி இல்லை.
ஒரு கக்கூசு கட்டிக் கொடுத்தால் என்ன என்றேன்.
ஆய்வுக் காசில் கானுக்கு இருக்கிறது,
பஸ்ஸுக்கு இருக்கிறது,
கல்லுக்கு இல்லை.
கல் அங்கே
ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது.

துண்டுப்பிரசுரம் மட்டும் அச்சாகி வந்தது:
சிறுநீர் தெளிவாகும்வரை தண்ணீர் குடியுங்கள்.
கனகசுந்தரி எழுத்துக்கூட்டி வாசித்தா.
இடுப்பில் செருகினா.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இன்றைக்குக் கடைசிக் கான்.
கல்முனையில் பஸ் மாறி
மடியில் வைத்துக்கொண்டு வாறேன்.
பக்கத்து மனிசி, தேனா பிள்ளை என்றா.
ஓம் என்றேன்.

கல்லடிப் பாலத்தில் காற்று உப்பாக அடித்தது.
பைக்குள் என் தண்ணிப் போத்தல்
காலையில் நிரப்பினபடியே.
மூடியைத் திறந்தேன்.
ஆய்வுகூடம், வரிசை, கையெழுத்து,
பிறகு ஏறாவூர் பஸ், பிறகு வீடு.
இரண்டு மணித்தியாலம் வரும்.

மூடினேன்.